ஆறு முக்குகள்: ஒரு நகரமைப்பாளரும் ஒரு சைக்கிள் பாதையும்

பின்னணி

இந்த ஆய்வில் வரும் நகரமைப்பாளர் சிவில் படித்துவிட்டு நகரமைப்பில் மேற்படிப்பு முடித்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு ஆண்டுகள் அவர் பார்த்தது முழுக்க வாகனக் கணக்கு. ஒரு சந்திப்புக்கு மணிக்கு எத்தனை கார் வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை நொடி காத்து நிற்கிறது, ஒரு தடம் கூட்டினால் அதில் எத்தனை நொடி குறையும் என்பதுதான் அன்றாட வேலை. நடப்பவர்களுக்கும் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அதில் ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

அவர் மனம் மாறியது ஒரு பழைய ஆய்வைப் படித்தபோது. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்புப் பேராசிரியர் 1960-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று குடியிருப்புத் தெருக்களை எடுத்துக்கொண்டார். வீடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் வேறு. நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் ஓடிய தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் ஓடிய தெருவில் அது ஒன்றுக்கும் கீழே போயிற்று. ஆப்பிள்யார்ட் 1982-ல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார். "நான் ஆறு வருஷமாக நொடியைக் குறைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதெல்லாம் குறைகிறது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை" என்று பின்னாளில் நகரமைப்பாளர் என்னிடம் சொன்னார்.

நடை, சைக்கிள் வசதிகளுக்காகப் புதிதாக ஒரு சிறு பிரிவு தொடங்கியபோது அவர் தானாகக் கேட்டு அங்கே மாறினார். அளவெடுக்கும் வேலைக்கு நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். இனி வருவது அந்தப் பிரிவின் முதல் சாலையின் கதை. நீளம் 1.4 கி.மீ. ஒரு முனையில் குடியிருப்பு, மறுமுனையில் பள்ளி, நடுவில் கடைகளும் பேருந்து நிறுத்தங்களும், வழியில் ஆறு சந்திப்புகள்.

முதல் வடிவமைப்பு

மேலிடத்திலிருந்து வந்த குறிப்பு ஒரே வரிதான்: சைக்கிள் பாதை ஒன்று வரைந்து தரவும். வரைந்தோம். மூன்று வாரத்தில் முடிந்தது. இப்போது அந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. நிற்கும் கார்களுக்கும் ஓடும் கார்களுக்கும் நடுவே 1.5 மீட்டர் அகலத்தில் பெயின்டால் ஒரு பட்டை. ஒரு பக்கம் கார்க் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. மறுபக்கம் முழங்கையை உரசிக்கொண்டு வேன் போகும். ஒவ்வொரு சந்திப்புக்கும் 30 மீட்டர் முன்பாகவே பட்டை புள்ளிக் கோடாகி, அப்புறம் காணாமல் போய்விடும். திரும்பும் கார்களுக்குத் தனித் தடம் வேண்டும் என்று கணக்கு சொன்னதால் அங்கே சைக்கிளுக்கு இடம் மிஞ்சவில்லை. ஆறு சந்திப்பிலும் இதே கதை.

அதாவது, பயம் இல்லாத இடத்தில் பாதை போட்டோம். பயம் இருக்கும் இடத்தில் கையை விட்டுவிட்டோம். சைக்கிள் மீது வண்டி மோதும் விபத்துகளில் பெரும்பங்கு சந்திப்புகளில்தான் நடக்கிறது என்பது துறைக்குள் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் அலுவலகத்தில் கேட்டது "எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான்.

பெயின்ட் காய்ந்த சில நாளில் பட்டையின் மேல் கார்கள் நின்றன. சில மாதம் கழித்து எடுத்த எண்ணிக்கையில் சைக்கிளில் போனவர்கள் கைவிரல்களில் அடங்கிவிட்டார்கள். அதை வைத்து, இந்தப் பகுதி மக்களுக்குச் சைக்கிளில் நாட்டமில்லை என்று ஓர் அறிக்கையும் எழுதியாயிற்று. குளத்தில் முதலை கிடக்கிறது என்று தெரிந்து யாரும் இறங்காமலிருந்தால், இந்த ஊர்க்காரர்களுக்குக் குளிக்கும் பழக்கமே கிடையாது என்று எழுதுவதுபோல.

பதிவேட்டில் ஏறாத விபத்து

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், நான்காவது சந்திப்புக்குச் சற்று முன்னால், பள்ளிக்குப் போன பையன் ஒருவன் சைக்கிளோடு விழுந்து காறை எலும்பு முறிந்தது. எந்த வண்டியும் அவன் மேல் மோதவில்லை. பட்டையை மறித்து ஒரு கார் நின்றிருந்ததால் ஓரமாக ஒதுங்கியிருக்கிறான். அந்த ஓரத்தில் மழைநீர் வடிகாலின் இரும்புக் கிராதி இருந்தது. அதன் கம்பிகள் சாலையின் நீளவாக்கில், சக்கரம் ஓடும் திசையிலேயே ஓடின. முன்சக்கரம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இறங்கி நின்றுவிட்டது, பையன் நிற்கவில்லை.

நாங்கள் போய்ப் பார்த்தபோது கம்பிகளுக்கு இடையில் என் பெருவிரல் பக்கவாட்டில் தாராளமாக நுழைந்தது. கிராதி சதுரமானது. தூக்கி, கால்வட்டம் திருப்பி வைத்திருந்தால் கம்பிகள் குறுக்கே வந்திருக்கும். எந்தச் செலவும் இல்லை.

விபத்துப் பதிவேட்டில் இதைத் தேடினால் கிடைக்காது. வேறு வண்டி சம்பந்தப்படாததால் அது சாலை விபத்தாகவே பதிவாகவில்லை. சைக்கிளில் தனியாக விழுபவர்கள் இப்படித்தான் கணக்கிலிருந்து நழுவுகிறார்கள். மருத்துவமனைக் கட்டுத் துணி மட்டுமே சாட்சி. நகரமைப்பாளர் அந்த வாரமே, சாலையில் உட்கார்ந்து பார்க்க ஆறு வாரம் அவகாசம் கேட்டு எழுதினார். வரைந்து முடித்த வேலைக்கு எதற்கு மறுபடி பார்வை என்று கேள்வி வந்தது. கடைசியில் அனுமதியும் வந்தது.

உட்கார்ந்து பார்த்தது

எங்களிடம் இருந்தவை ஒரு மடக்கு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு டேப், ஒரு நிறுத்தற்கடிகாரம். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு வாரம்.

குழந்தைகள் சைக்கிளை நடைபாதையில் ஓட்டினார்கள், சந்திப்பு வந்ததும் இறங்கித் தள்ளினார்கள். பின்னால் வந்த அம்மாக்கள் ஒரு கையால் சைக்கிள் சீட்டைப் பிடித்தபடி நடந்தார்கள். பள்ளிப் பக்கம் புல்லில் ஓர் ஒற்றையடிப் பாதை தேய்ந்து கிடந்தது. நாங்கள் போட்ட பாதைக்கு நாற்பது அடி தள்ளி, ஆள் நடந்து நடந்தே உண்டானது. மக்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் எங்களிடம் இல்லை.

மூன்றாவது சந்திப்பில் தினமும் ஒரு வயதான அம்மா சாலையைக் கடப்பார். சாலை அகலம் 14 மீட்டர். நடப்பவரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு சிக்னல் கணக்கிடுவது பல காலப் பழக்கம். அந்தக் கணக்குப்படி 12 நொடி போதும். சிக்னலும் சரியாக 12 நொடிதான் கொடுத்தது. அந்த அம்மாவுக்கு 17 அல்லது 18 நொடி ஆகும். எனவே அவர் பச்சை விழுந்ததும் கிளம்பி, நடுக்கோட்டில் நின்று, இருபுறமும் கார்கள் சீறிப் போவதைப் பார்த்தபடி அடுத்த பச்சைக்குக் காத்திருந்து மீதியைக் கடப்பார். முகத்தில் பதற்றம் ஒன்றும் தெரியவில்லை, பழகிவிட்டது போல. எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் வயிற்றைக் கலக்கியது.

சைக்கிளே ஓட்டாதவர்களிடமும் பேசினோம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சைக்கிள் திட்டங்களைப் பார்த்துவந்த ரோஜர் கெல்லர் 2006-ல் மக்களை நாலு வகையாகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் துணிந்து ஓட்டுபவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஓரளவு தைரியசாலிகள் 7 சதவீதம், என்ன செய்தாலும் ஓட்டமாட்டேன் என்பவர்கள் 33 சதவீதம். மீதி 60 சதவீதம் பேருக்கு ஆசையும் உண்டு, பயமும் உண்டு. அது அவருடைய மதிப்பீடுதான், வேதவாக்கு அல்ல. ஆனாலும் இங்கே பேசியபோது பலரும் அந்த நாலாவது கூட்டத்தில்தான் இருந்தார்கள். "ரோடு வரைக்கும் போவேன், அந்த முக்கைத்தான் தாண்ட முடியாது" என்று ஒரே சொல்லைப் பலர் சொன்னார்கள்.

எடுத்த முடிவுகள்

அந்த நோட்டை வைத்துக்கொண்டு நகரமைப்பாளர் முதலில் எடுத்த முடிவு அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. கையிலிருந்த பணத்தில் 1.4 கி.மீ-க்கும் புதிதாக வண்ணம் பூசி நெகிழிக் கம்பங்கள் நடலாம். இல்லையென்றால் மூன்று சந்திப்புகளை முழுமையாகத் திருத்தலாம். அவர் மூன்று சந்திப்புகளைக் கேட்டார். பள்ளியிலிருந்து தொடங்கி அடுத்தடுத்து மூன்று, கூடவே சாலை நெடுகக் கிராதிகளைத் திருப்பி வைப்பது.

இதற்கு எதிர்வாதமும் வலுவானதுதான். ஸ்பெயினின் செவில் நகரம் 2006, 2007 வாக்கில் ஏறக்குறைய 80 கி.மீ. தடுப்புள்ள சைக்கிள் பாதையை ஒன்றோடொன்று இணையும்படி ஒரே மூச்சில் போட்டது. சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளில் பல மடங்காயின. பாதை வலையாக இருந்தால்தான் பயன், துண்டுக்குப் பயனில்லை என்பது அதன் பாடம். நகரமைப்பாளருக்கும் அது தெரியும். ஆனால் துண்டு போடத்தான் பணம் இருக்கிறது என்றால், அந்தத் துண்டாவது ஒரு குழந்தை வீட்டிலிருந்து பள்ளி வரை இறங்காமல் ஓட்டிப் போகும் துண்டாக இருக்க வேண்டும் என்றார். அந்த மூன்று சந்திப்புகளும் சேர்ந்தால் குடியிருப்பின் ஒரு பகுதிக்கு அது கிடைக்கும்.

இரண்டாவது முடிவு, நிற்கும் கார்களையும் சைக்கிள் பாதையையும் இடம் மாற்றுவது. நடைபாதையை ஒட்டி சைக்கிள், அதற்கப்பால் 0.8 மீட்டர் இடைவெளி, அப்புறம் நிற்கும் கார்கள். கார்களே தடுப்புச் சுவராகிவிடும். ஓடும் தடங்களை 3.5 மீட்டரிலிருந்து 3 மீட்டராகக் குறைத்ததில் அந்த இடைவெளிக்கு இடம் கிடைத்தது. தடம் ஒடுங்கினால் ஓட்டுபவர் தானாக வேகம் குறைப்பார். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார், 30 கி.மீ. வேகத்தில் வரும் அதே காரைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு ஆற்றலோடு மோதும். வேகத்தின் வர்க்கக் கணக்கு அது. பேசிச் சமாளிக்க முடியாது.

மூன்றாவது, முக்குகளின் வளைவைச் சுருக்குவது. வளைவு பெரிதாக இருந்தால் கார் வேகம் குறைக்காமலே திரும்பும். 9 மீட்டர் ஆரத்தை 4 ஆக்கி, சைக்கிள் கடக்கும் இடத்தை ஏறக்குறைய ஒரு கார் நீளம் உள்ளே தள்ளினோம். திரும்பி முடித்த கார், சைக்கிளை நேர் எதிரே பார்க்கும்; ஓரக்கண்ணால் தேட வேண்டியதில்லை. தீயணைப்புத் துறை உடனே ஆட்சேபித்தது. நகரமைப்பாளர் காகிதத்தில் வாதாடாமல், ஒரு விடிகாலையில் கோன்களை அடுக்கி நிஜ வண்டியையே ஓட்டிப் பார்க்கக் கேட்டுக்கொண்டார். முதல் சுற்றில் பின்சக்கரம் இரண்டு கோன்களை நசுக்கிவிட்டது. அந்த இரண்டு கோன் நின்ற இடத்தில் மட்டும், பெரிய சக்கரம் ஏறி இறங்கக்கூடிய தாழ்ந்த சாய்வுக் கல் பதிப்பது என்று அங்கேயே நின்று முடிவாயிற்று. கார் ஓட்டிகளுக்கு அதன் மேல் ஏறினால் குலுங்கும் என்பதால் ஏறமாட்டார்கள்.

சோதனைக் காலம்

காங்கிரீட் போடுவதற்கு முன் சில மாதம் மணல் நிரப்பிய தடுப்புகளையும் செடித் தொட்டிகளையும் வைத்து ஓட்டிப் பார்த்தோம். நியூயார்க்கில் 2009-ல் டைம்ஸ் ஸ்கொயரை நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டபோது முதலில் போட்டது மலிவான மடக்கு நாற்காலிகளைத்தான். நிரந்தரக் கட்டுமானம் பிறகு வந்தது. தப்பை நகர்த்த முடிகிற நிலையிலேயே கண்டுபிடிப்பதுதான் இந்த முறையின் லாபம்.

முதல் வாரம் குழப்பம். சரக்கு வேன்கள் பாதையில் நின்றன. கடைக்காரர்கள் கூடி வந்தார்கள். "எங்க வாடிக்கையாளர் எல்லாம் கார்ல வர்றவங்க மேடம், பார்க்கிங் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்" என்றார் ஒருவர். உண்மையில் அந்த மூன்று சந்திப்புகளிலும் சேர்த்துப் பறிபோனது ஒன்பது கார் நிற்கும் இடம்தான். ஆனால் ஒன்பதா தொண்ணூறா என்பதல்ல அவர்கள் கவலை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 41 சதவீத வாடிக்கையாளர்கள் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். எண்ணிப் பார்த்ததில் 22 சதவீதம்தான். நகரமைப்பாளர் இந்த எண்ணை அவர்களிடம் சொல்லவே இல்லை. வேறு ஊர்க் கணக்கைக் காட்டினால், எங்களுக்குத் தெரியாதா என்றுதான் தோன்றும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, வருபவர் எதில் வந்தார் என்று அவர்களையே கேட்டுக் கோடு போடச் சொன்னார். எல்லாரும் செய்யவில்லை. செய்த நாலைந்து பேர் அடுத்த கூட்டத்தில் குரலை உயர்த்தவில்லை. அவர்கள் கேட்டது வேறு: காலையில் சரக்கு இறக்க இரண்டு இடம். அது நியாயமான கோரிக்கை, நாங்களே யோசித்திருக்க வேண்டியது. பக்கத் தெருவின் வாயில் ஒதுக்கினோம்.

பேருந்து நிறுத்தத்தில் இன்னொரு சிக்கல். இறங்குபவர்கள் நேராகச் சைக்கிள் பாதையில் கால் வைத்தார்கள். நிறுத்தத்தைப் பாதைக்கு அப்பால் ஒரு திட்டாக ஆக்கி, சைக்கிளை அதன் பின்னால் வளைத்து விட்டோம். கடக்கும் இடத்தில் பாதையை மேடாக்கியதால் சைக்கிள்காரர் வேகம் குறைப்பார். முழுசாகத் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன்.

கைத்தடி சொன்ன பிழை

நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான், வெளியிலிருந்து யாரும் எங்கள் மேல் சுமத்தியதல்ல. பார்க்க அழகாக இருக்கும் என்று முதல் சந்திப்பில் நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் ஒரே மட்டத்தில், நிறத்தில் மட்டும் வித்தியாசம் காட்டிப் போட்டோம். சக்கர நாற்காலிக்கும் வசதி என்று மகிழ்ந்தோம். பார்வையற்றவர் ஒருவர் ஒரு நாள் அலுவலகத்துக்கே வந்தார். "பாதை நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். ஆனா நடைபாதை எங்கே முடியுது, சைக்கிள் எங்கே ஆரம்பிக்குதுன்னு என் தடிக்குத் தெரியலையே."

அவரோடு நகரமைப்பாளர் அந்தச் சந்திப்புக்குப் போனார். நானும் போனேன். அவர் தடியை இடமும் வலமும் தட்டிக்கொண்டே நடந்து, எங்கள் கண் முன்னால் எந்தத் தயக்கமும் இல்லாமல் சைக்கிள் பாதைக்குள் நுழைந்தார். தட்டும் சத்தம் மாறவே இல்லை. நிறம் மாறியதை அந்தத் தடி எப்படிச் சொல்லும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த சோதனைகளில், 60 மி.மீ. உயர விளிம்பு இருந்தால் பார்வையற்றவர்களால் நம்பகமாகக் கண்டுகொள்ள முடிகிறது என்று தெரியவந்திருக்கிறது. அந்த ஆய்வு எங்கள் அலமாரியில் இருந்தது. எடுத்துப் படிக்க அவர் வந்து தடியைத் தட்ட வேண்டியிருந்தது. இரண்டு பாதைக்கும் நடுவே 60 மி.மீ. படியும், கடக்கும் இடங்களில் 1:12 சரிவும் புடைத்த ஓடுகளும் வந்தன. சோதனைக் காலமாக இருந்ததால் உடைக்க வேண்டியது கொஞ்சம்தான்.

பிறகு நடந்தது

மூன்று சந்திப்புகளும் நிரந்தரமாயின. மூன்றாவதில் சாலை நடுவே 2 மீட்டர் அகலத் திட்டு போட்டு, பச்சையை 18 நொடியாக்கினோம். கார்களின் காத்திருப்பு கொஞ்சம் கூடியது. அறிக்கையில் அவர் அதை மறைக்காமல் எழுதினார். பள்ளி வாசலில் முன்பு காலியாகக் கிடந்த சைக்கிள் கம்பிகளில் இடம் போதாமல், சைக்கிள்களை வேலியில் சாய்த்து வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு கடை மூடப்பட்டது. பாதையால்தான் என்று அதன் உரிமையாளர் இன்றும் சொல்கிறார். இல்லை என்று அடித்துச் சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை.

மீதி மூன்று சந்திப்புகள் வரவில்லை. மேலே ஆட்கள் மாறினார்கள், பணம் வேறு வேலைக்குப் போயிற்று.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் வடிகால் தூர்வாரியபோது ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கிராதிகளைக் கழற்றித் திரும்பப் பொருத்தினார்கள். அதில் ஏழு கிராதிகள் பழையபடி நீளவாக்கில் உட்கார்ந்தன. அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. எப்படிப் பொருத்த வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை. அதைக் கண்டுபிடித்த மாதத்தில்தான் நகரமைப்பாளர் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்டார். வடிவமைப்பிலிருந்து பராமரிப்புக்குப் போவதைத் துறையில் இறக்கமாகத்தான் பார்ப்பார்கள். சக ஊழியர்கள் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். பாதையில் கிடக்கும் இலையைக் கூட்டுவது, அழிந்த கோட்டைத் திரும்பப் போடுவது, தோண்டியவர்கள் மூடிய குழியைச் சமன் செய்வது எல்லாம் அங்கேதான் முடிவாகிறது என்று அவர் கண்டுகொண்டிருந்தார்.

மறுபடி செய்தால்

வரைவதற்கு முன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போயிருப்போம். ஆறு வாரம் முடியாவிட்டால் ஆறு நாளாவது. விபத்துப் பதிவேட்டோடு நிற்காமல் பள்ளியிலும் மருத்துவமனையிலும் விழுந்தவர்களைப் பற்றி விசாரித்திருப்போம். பார்வையற்றவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் கோன் வைக்கும் நாளன்றே கூப்பிட்டிருப்போம். பராமரிப்புக்கான பணத்தைத் திட்டத் தொகைக்குள்ளேயே கேட்டிருப்போம். பின்னால் கேட்டால் கிடைப்பதில்லை. மூன்று சந்திப்புகளைத் தேர்ந்தது சரியா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆறையும் மலிவான தடுப்புகளால் ஒரே நேரத்தில் செய்திருந்தால், பின்னால் எடுக்க மனம் வந்திருக்காதோ என்று தோன்றும். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். எடுத்திருப்பார்கள் என்பார்.

நான்காவது சந்திப்பின் வரைபடம் கோப்பில் தயாராக இருக்கிறது. தூர்வாரும் ஒப்பந்தத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: கிராதிக் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக அமைய வேண்டும். பக்கத்தில் அவர் கையால் வரைந்த ஒரு சைக்கிள் சக்கரமும் ஓர் அம்புக்குறியும்.